மாமாவின் ஆறு குழிப் பெட்டி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஈயச் சீல் பொறுக்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டி வந்து நிற்கும். கதவுக் கம்பியில் முத்திரை குத்திய ஈய வில்லை தொங்கும், ஒரு காசு அகலத்தில். கிடங்கு ஆட்கள் குறட்டால் கம்பியை வெட்டிக் கதவைத் திறப்பார்கள். வெட்டிய சீல்களைச் சாக்கில் போட்டு எண்ணித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் பாதி தண்டவாளத்துக் கற்களுக்கிடையே விழும். நாம் பொறுக்குவோம். பழைய சாமான் வாங்கும் சீனக் கிழவர் ஒரு கைப்பிடி சீலுக்கு ஒரு பொட்டலம் கடலை தருவார். விரலெல்லாம் கறுத்துப்போகும். அந்த விரலோடேயே கடலையைத் தின்போம்.

அப்போது எனக்குப் பத்து வயது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேலையில் இருந்தவர்கள் எல்லோரும் பயந்துகொண்டே இருந்தார்கள். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றும் நெம்புகோலைப் பிடித்த கை வீட்டுக்கு வந்தும் மடங்கியபடியே இருக்கும். வேலை போனால் வீடும் போகும். இதை அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

மாமா என் அம்மாவின் தம்பி. கிள்ளான் ஸ்டேஷன் சரக்குக் கிடங்கில் சின்னக் கிராணியாக, கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தார். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அத்தை மலேரியாவில் போய்விட்டார். அதன்பின் மாமா பிரிக்ஃபீல்ட்ஸ் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிள், அத்தையின் சேலை ஒன்று. அந்தச் சேலையைத் தலையணை உறையாகத் தைத்துத் தரும்படி அம்மாவிடம் கேட்டார். அம்மா தைத்துக் கொடுத்தார். அதைப் பற்றி அந்த வீட்டில் வேறு பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

கிடங்கில் மாமாவுக்குச் சாமான்களைத் தரம் பிரிக்கும் வேலை. போல்ட், நட்டு, வாஷர், விளக்குத் திரி, பிரேக் கட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு வகுப்பு, ஒரு எண், ஒரு குழி. எந்தக் குழியிலும் சேராத சாமான் வந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "எங்கேயாவது ஒரு இடம் இருந்தாகணும் பாப்பா, இல்லேன்னா நாம பிரிச்ச விதம் தப்பு" என்பார். என்னிடம் சொல்வதாக நினைக்கவேண்டாம். பூனை இருந்தால் பூனையிடமும் அதைத்தான் சொல்வார்.

அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். துரைமார் கிளப்பில் வேலைபார்த்த ஒரு பியூன், எரிக்கச் சொல்லிக் கொடுத்த பழைய சஞ்சிகைகளை எரிக்காமல் மாமாவுக்குக் கொண்டுவந்து தருவார். வழுவழுப்பான தாள். மூலையில் கிளப்பின் ஊதா முத்திரை. மாமா வேண்டிய பக்கங்களை வெட்டிக் கணக்குநோட்டு ஒன்றில் ஒட்டிவைப்பார். பசைக்கு அம்மா கஞ்சித் தண்ணீர் கொடுப்பார்.

அந்தப் பக்கங்களில் இருந்தது உலகம் எதனால் ஆனது என்கிற விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கிடங்கிலிருந்து உடைந்த ஆணிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே மூன்று குழி, கீழே மூன்று குழி. அதை அடுப்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உலகத்துல இருக்கிற சாமான் மொத்தமும் இதுக்குள்ள அடங்கிருச்சு."

"சோத்துப் பானையுமா?" என்றார் அம்மா.

"பானை, சோறு, நீ, நான், பெரிய துரை, அவரு நாய், எல்லாந்தான். எல்லாம் ஒரே சாமான்."

"துரைகிட்டயே போய்ச் சொல்லேன், நீங்களும் நாயும் ஒண்ணுதான்னு. இருக்கிற வேலையும் போயிரும்."

மேல்வரிசை கனமானவை, கீழ்வரிசை லேசானவை. இடப்பக்கக் குழி கூட்டல் மின்சாரம் உள்ளது, நடுக்குழி மின்சாரமே இல்லாதது, வலப்பக்கம் கழித்தல் மின்சாரம் உள்ளது. கனமான கூட்டல் புரோட்டான். அதற்குச் சிவப்புச் சாயம் அடித்த ஒரு பெரிய நட்டு. லேசான கழித்தல் எலக்ட்ரான். அதற்கு ஒரு சின்னக் கறுப்பு வாஷர். இந்த இரண்டு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்களாம். அப்புறம் ஒருவர் கனமான, மின்சாரமில்லாத ஒன்றைக் கண்டுபிடித்தார், நியூட்ரான். அதற்குச் சாயம் அடிக்காத நட்டு. மறுபடி ஒருவர் லேசான கூட்டலையும் கண்டுபிடித்துவிட்டார், பாசிட்ரான். அதற்குச் சிவப்பு வாஷர். அது எலக்ட்ரானுக்கு நேர் எதிர், இரண்டும் சந்தித்தால் இரண்டுமே இல்லாமல் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சுமாம். நான்கு குழி நிறைந்தது. கனமான கழித்தலும், லேசான மின்சாரமில்லாததும் காலி.

அந்த இரண்டையும் யுத்தத்துக்குப் பிறகு பல வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். பினாங்கில் ஒரு சலவைக்கடையில் வேலைபார்த்தபோது, சட்டை சுற்றிக் கொடுக்கிற தமிழ்ப் பத்திரிகைத் தாளில் அதைப் படித்தேன். படித்துவிட்டு அதே தாளில் சட்டையைச் சுற்றிக் கொடுத்தேன். இப்போது சின்னத் துகள்களின் பட்டியல் நீண்டுபோய்விட்டது, புரோட்டானையே உடைத்துப் பார்த்துவிட்டார்கள் என்கிறார்கள். எனக்கு அந்த ஆறு குழிக்கு மேல் தெரியாது.

அம்மா ஒருநாள், காலியாகத்தானே கிடக்கிறது என்று, இரண்டு குழிகளிலும் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவைத்தார். மாமா வேலைவிட்டு வந்து பார்த்தார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அது காலியில்ல அக்கா! இன்னும் வரலை, அவ்வளவுதான்! வரப்போறவங்க இடத்துல பொத்தானைப் போடுவியா?"

அம்மா பொத்தான்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் அப்பாவிடம், "தம்பி பேச்சு நல்லால்லீங்க. வரப்போறவங்கன்னு யாரையோ சொல்றான்" என்றார். செத்துப்போன அத்தையை மனதில் வைத்துத்தான் அம்மா பயந்தார். அது எனக்கே அப்போது புரிந்தது.

அதன்பின் மாமா ஜாடி செய்தார். கடையில் பிஸ்கட் வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே ஈரத்துணி, கொஞ்சம் ஸ்பிரிட். வாயில் பங்சார் தோட்டத்திலிருந்து வாங்கிவந்த ரப்பர் ஷீட்டை இழுத்துக் கட்டினார். அந்த ஷீட்டைச் சட்டென்று வெளியே இழுத்தால் ஜாடிக்குள் பனிமூட்டம் உண்டாகும். வானத்திலிருந்து வரும் துகள் ஏதாவது அந்த நேரத்தில் உள்ளே ஓடினால், அது போன வழியில் நூல்போல வெள்ளைக் கோடு தெரியும். நடுவில் ஒரு ஈயத் தகடு வைக்கவேண்டும். தகட்டுக்குள் புகுந்து வெளியேறும்போது வேகம் குறைந்திருக்கும், அதை வைத்து எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம். அப்படித்தான் பாசிட்ரானையும் பிடித்தார்களாம். வலுவான காந்தமும் வேண்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

ஈயத்துக்குத்தான் நான். பாவாடை மடியில் சீல்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். கடலைக்குப் பதில் மாமா எனக்கு ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. போதாததற்கு அவரும் கிடங்குச் சாக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்தார். எடுத்தார் என்பதை நான் மறைக்கவில்லை. இரும்புச் சட்டியில் உருக்கி, குளிர்ந்தபின் சுத்தியலால் தட்டித் தகடாக்கினார். நடுப்பகலில் அடுப்படிக் கதவைச் சாத்தி, சைக்கிள் விளக்கை ஜாடிமேல் அடித்து ரப்பரை இழுப்பார்.

"பாத்தியா பாப்பா?"

"புகை மாதிரி இருக்கு மாமா."

"கோடு?"

"கோடு இல்லை."

மறுபடி இழுப்பார். அந்த ஜாடியில் நான் ஒருநாளும் கோட்டைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்ததாக மாமா சொன்னார். அன்று அவர் சோறு சாப்பிடவில்லை. என் உச்சந்தலையில் விரலை வைத்து, "இந்தா, இப்ப இதுக்குள்ளயும் போகுது. கூரைத் தகரத்துல பூந்து, உன் மண்டைக்குள்ள பூந்து, தரைக்குள்ள போயிருது. நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கில போகுது. யாருக்கும் வலிக்கலை பாரு" என்றார்.

அந்த மாதத்தில்தான் துணி ஏற்றிவந்த ஒரு வண்டியில் நான்கு மூட்டை குறைந்தது. கதவில் சீல் சரியாக இருந்தது, உள்ளே மூட்டை இல்லை. வழியில் யாரோ திறந்து, திருடி, வேறு ஈயத்தில் சீல் அடித்திருக்கிறார்கள் என்றார்கள். கிடங்குச் சாக்குகளை எண்ணினார்கள். சீல் குறைந்தது. மாமா ஈயம் உருக்குவதை வரிசை வீட்டில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவரை வீட்டில் இருக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அடுத்த நாள் வீட்டைச் சோதனை போட வருவார்கள் என்று பேச்சு அடிபட்டது. பேச்சு வந்த அன்று காலையிலேயே, மாமா எழுந்திருப்பதற்கு முன், அம்மா அவருடைய நோட்டையும் சஞ்சிகைகளையும் வெந்நீர் அடுப்பில் வைத்தார். ஈயத்துக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிக்கவில்லை. கிளப் முத்திரை இருந்தது, அதுவும் திருட்டாகிவிடும், பியூனுக்கும் வேலை போகும், அவருக்கு நான்கு பிள்ளைகள். வழுவழுப்பான தாள் சுலபத்தில் பற்றவில்லை. கிழித்துக் கிழித்துப் போட்டார். அந்தத் தண்ணீரில்தான் நான் குளித்துப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் பெரிய கிராணியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவை முருங்கை மரத்தடிக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் கோழியை அடைத்துக்கொண்டிருந்தேன்.

"கேஸ் போட்டா ஜெயிலுய்யா. உன் வீட்டுல வச்சு உருக்கியிருக்கான். உனக்கும் சீட்டு கிழியும்."

"அவன் திருடன் இல்லீங்க கிராணியாரே. கிறுக்குத்தனமா ஏதோ செய்யறான்."

"அப்ப அதையே சொல்லு. புத்தி சரியில்லேன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா கேஸ் நிக்காது. ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும். பொண்டாட்டி செத்ததுலேருந்து இப்படின்னு சொல்லு, யாரும் நம்புவாங்க."

அப்பா மாமாவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். இதை எழுதும்போதும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

மாமாவிடம் அவர் முழுதாகச் சொல்லவில்லை. "மாப்ளே, பெரிய டாக்டர் துரை உன்னைப் பாக்கணுமாம். நீ வழக்கமா பேசறதைப் பேசு, போதும்" என்றார். மாமாவுக்குச் சந்தோஷம். "படிச்ச மனுஷன் அத்தான், அவருக்குப் புரியும்" என்று கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். ஆணிப் பெட்டியையும் துடைத்து எடுத்துக்கொண்டார். நோட்டைக் கேட்டதற்கு, பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

எனக்கு அப்பா தனியாகச் சொன்னார். "நீ பொய் சொல்ல வேணாம் பாப்பா. மாமா சொன்னதைச் சொன்னபடி சொல்லு. புத்தகம் ஏதாச்சும் படிச்சாரான்னு கேட்டா மட்டும் இல்லேன்னு சொல்லிரு."

டாக்டர் வயதான வெள்ளைக்காரர். மாமாவோடு அவர் அறைக்குள் வெகுநேரம் பேசினார். வெளியே வந்த மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் ஒருவர் தமிழில் கேட்டு, டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னார்.

"உங்க மாமா என்ன பேசுவாரு பாப்பா? பயப்படாம சொல்லு."

"வானத்துலேருந்து துகள் விழுது, கண்ணுக்குத் தெரியாது, நம்ம மண்டைக்குள்ள பூந்து போகுதுன்னு சொல்வாரு."

டிரசர் சொன்னார். டாக்டர் எழுதினார்.

"வேற?"

"எல்லாத்துக்கும் எதிரா ஒண்ணு இருக்காம். அதுவும் இதுவும் சந்திச்சா ரெண்டுமே இல்லாம போயிருமாம். வெளிச்சம் மட்டும் இருக்குமாம்."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். "சந்திக்கப் போறேன்னு சொன்னாரா? யாரைன்னு சொன்னாரா?" என்றார் டிரசர்.

"யாரையும் சொல்லலை. ரெண்டு குழி காலியா இருக்கு, வரப்போறவங்களுக்குன்னு சொன்னாரு."

டிரசர் அதைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார். குழி என்ற சொல்லை அவர் என்னவாக எடுத்துச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. மேசைமேல் அந்தப் பெட்டி இருக்கத்தான் செய்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

கடைசியாகக் கேட்டார்கள். "இதெல்லாம் ஏதாச்சும் புத்தகத்துல படிச்சாரா?"

"இல்லை. அவரா சொல்வாரு."

அந்த டாக்டர் கெட்டவரில்லை. அவர் படித்த காலத்தில் இதில் பாதியைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள். கேட்கவேண்டியதை அவர் கேட்டார். நான் சொன்னதில் அந்த ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே மாமாவை இரண்டு ஆட்கள் வடக்கே போகும் ரயிலில் கூட்டிப்போனார்கள். தலையணையைக் கொண்டுபோக விடவில்லை.

மூட்டை திருடியவன் மூன்று மாதம் கழித்து அகப்பட்டான். வண்டியோடு வரும் ஆள் ஒருவன். அவனுக்குக் கொஞ்ச மாதம் ஜெயில். வெளியே வந்து காஜாங் பக்கம் கடை வைத்துப் பிழைத்தான், நானே பார்த்திருக்கிறேன். ஈயம் எடுத்ததற்கு மட்டும் மாமாவுக்கு என்ன தண்டனை கிடைத்திருக்கும் என்று அப்பா பெரிய கிராணியாரிடம் கேட்டார். "அபராதம். மிஞ்சினா ஒரு மாசம்" என்றாராம். அன்று அப்பா வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தவர், அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் எழவில்லை.

மாமா அந்த ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அங்கேயே இறந்தார். நான் அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஈப்போ, பினாங்கு, மேடான் என்று எந்த ஊரிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. சமையல், துணி, பிள்ளை பார்ப்பது, எது கிடைத்ததோ அது.

ஆனால் மாமாவை வெளியே கொண்டுவர ஒரு பகல் எங்களுக்குக் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

திருடன் பிடிபட்ட பிறகு அப்பா மனுப் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது, அன்று சாட்சி சொன்ன பிள்ளையையும் அழைத்து வரவும் என்று. ரயிலில் அப்பா எனக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அங்கே இருந்தவர் வேறு டாக்டர். இளவயசுக்காரர், தமிழ் பேசினார். மாமாவைக் கூட்டிவந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சட்டை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும், "வளந்துட்டியே பாப்பா" என்றார். நாக்கு குழறியது.

"இவரு சொல்றதுல ஒண்ணு ரெண்டு எனக்கே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு" என்றார் டாக்டர் அப்பாவிடம். "நியூட்ரான்னு ஒண்ணு பேப்பர்ல வந்துச்சு. மத்தது எனக்குத் தெரியாது. நான் நேரா கேக்கறேன். படிச்சதை ஒருத்தர் திருப்பிச் சொன்னா அது நோயில்ல. தானா தோணுதுன்னா அது நோய். எங்க படிச்சீங்க?"

"சஞ்சிகையில படிச்சேன் சார். வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கேன். வீட்டுல இருக்கு."

"சஞ்சிகை பேரு?"

மாமா யோசித்தார். வாய் அசைந்தது. "மருந்து குடிச்சு மறந்துபோச்சு சார். இவங்களுக்குத் தெரியும். பாப்பாதான் பசை தடவிக் குடுத்தா."

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "புத்தகம் எதுவும் படிச்சதில்லேன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" என்றார் அப்பாவிடம். அப்பா என் தோளில் கையை வைத்தார். அரசாங்க டாக்டரிடம் பொய்க் கையெழுத்துப் போட்ட ஆளுக்கு ரயில்வேயில் வேலை இருக்காது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க. நோட்டு இருந்துச்சா? இருந்துச்சுன்னு நீ சொன்னா இவரை இன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம்."

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது. எனக்கு வீடு ஞாபகம் வந்தது. வீடு போய்விட்டால் எங்கே போவோம் என்று ஒவ்வொரு வாரமும் கேட்டு வளர்ந்த பிள்ளை நான்.

"இல்லை சார்" என்றேன். "நோட்டு இல்லை."

மாமா என்னையே பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கிடங்கில் ஒரு சாமானைக் கையில் எடுத்து, இது எந்தக் குழி என்று யோசிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

"பாப்பா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார். "அது பொய் சொல்லாது. எனக்குத்தான் தானா தோணியிருக்கு."

டாக்டர் பேனாவை எடுத்தார். என் தோளில் இருந்த அப்பாவின் கை தளர்வதை உணர்ந்தேன். ஒரு பெருமூச்சும் வந்தது. அப்பா விட்ட மூச்சுதான் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது என்னுடையது.